கார்த்திகையின் நீலம், காவலூரின் பச்சை

கொதிக்கும் தொட்டியிலிருந்து மூங்கில் கம்போடு பட்டுக் கழிகளைத் தூக்கிப் பிழிந்து, வெயிலில் நீட்டிப் பிடித்தார் சாயக்காரர். அரக்கு நிறம். பிள்ளையார்பாளையத்தில் காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. விடிகாலையில் தெருவில் நீட்டியிருந்த பாவை அதற்குள் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். பட்டறைக்குள் நீராவி, சோப்பு வாடை, அமில வாடை. கம்பில் தொங்கிய கழிகளில் ஒன்று மட்டும் ஒரு சாயல் வெளுத்துத் தெரிந்தது.

"தொட்டி ஒண்ணுதான் தம்பி, சாயமும் ஒண்ணுதான். இந்தக் கழியில பசை சரியாப் போகல. நூலுக்குள்ள இருக்கறது வேறயா இருந்தா நிறமும் வேறயாத்தான் வரும்" என்றார்.

கச்சாப் பட்டின் மேல் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கும்போது நூலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பசை எங்கே தங்குகிறதோ அங்கே சாயம் ஏறும் விதம் மாறும். கெட்டிக்காரச் சாயக்காரர் நிறத்தைப் பார்த்தே கழி எப்படி வெந்தது, தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறார்.

வானத்திலும் இதே கேள்வியோடுதான் பல தலைமுறை வானியலாளர்கள் உழைத்திருக்கிறார்கள். ஒரே வாயு மேகத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த நூற்றுக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான மீன்கள் சேர்ந்திருப்பதுதான் விண்மீன் கொத்து. தொட்டி ஒன்று, சாயம் ஒன்று. பிறகு ஏன் ஒன்று நீலமாகவும் ஒன்று ஆரஞ்சாகவும் இருக்கிறது? இதற்கான பதிலில் ஒரு முக்கியமான பகுதி தமிழ்நாட்டிலேயே, ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூரில் எழுதப்பட்டது. காஞ்சிபுரத்தில் தொடங்கி அங்கே போய்ச் சேருவது என்று கிளம்பினேன்.

அன்று பங்குனிக் கிருத்திகை. மாலையில் குமரகோட்டத்தில் கூட்டம் நெருக்கியது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் இந்த முருகன் கோயிலில்தான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடினார் என்பது மரபு. முருகனை வளர்த்தெடுத்த ஆறு கார்த்திகைப் பெண்களின் கதை ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கிருத்திகை நாள் என்றால் நிலா கார்த்திகை என்னும் விண்மீன் கொத்தின் அருகே நிற்கும் நாள் என்பதை வரிசையில் நின்றவர்களிடம் சொன்னபோது பலரும் வியந்தார்கள். பங்குனியில் அது வளர்பிறை. தரிசனம் முடித்து வெளியே வந்ததும் ஓர் அம்மா என்னிடம், "எங்கப்பா, காட்டு" என்றார். மேற்கு வானில் பிறைக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளிக் கூட்டம். கடைத்தெரு விளக்கு வெளிச்சத்தில் நான்கு மீன்தான் கண்ணுக்குப் பிடிபட்டது. அந்த அம்மா அதையே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

ராத்திரி சாயக்காரரின் வீட்டு மொட்டைமாடியில் இருநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிறம் பார்த்தே வாழ்ந்த கண் அவருடையது. அதனால்தான் அவரையும் சேர்த்துக்கொண்டேன். கார்த்திகையைக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். "நீலம் பாய்ஞ்ச வெள்ளை" என்றார். கொஞ்சம் கிழக்கே ரோகிணியைக் காட்டினேன். "இது மஞ்சள் கலந்த சிவப்பு." தலைக்குமேல் நின்ற திருவாதிரைக்குத் திருப்பியதும், "இது இன்னும் ஒரு பிடி கூட" என்றார். மூன்றுமே சரி. மீனின் நிறத்தை முதலில் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பின் வெப்பம். திருவாதிரை சுமார் 3,500 கெல்வின். ரோகிணி 3,900. நம் சூரியன் 5,800. கார்த்திகையின் பெரிய மீன்கள் 12,000 கெல்வினைத் தாண்டுகின்றன. அடுப்புச் சூட்டோடு பழகிய அந்த மனிதருக்கு, நீலம்தான் அதிகச் சூடு, சிவப்பு குறைச்சல் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகை சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். விண்மீன் கணக்கில் அது இளம் பருவம். கண்ணுக்குத் தெரியும் ஆறேழு மீன்களைத் தவிர ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் உண்டு. எடை அதிகமான மீன் தன் ஹைட்ரஜனை வேகமாக எரித்து நீலமாக ஜொலிக்கிறது. எடை குறைந்தவை மங்கலான சிவப்பில் நிதானமாக எரிகின்றன. அவை வெறும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உள்ளீடு ஒன்று, வயது ஒன்று. எடை மட்டும் வேறு. ஆகவே கார்த்திகையில் நாம் பார்க்கும் நிற வேறுபாடு எடையின் வேறுபாடு.

ரோகிணிக்குப் பின்னால் 'வி' வடிவில் தெரியும் கூட்டம் வேறொரு கதை சொல்கிறது. ஹையடீஸ் என்று பெயர். ரோகிணி அதன் உறுப்பினர் கிடையாது. அது 65 ஒளியாண்டில் முன்னால் நிற்கிறது, கொத்தோ சுமார் 150 ஒளியாண்டில். இருநோக்கியில் அந்தக் கொத்தில் ஆரஞ்சு நிறத்தில் நான்கு மீன்கள் தனித்துத் தெரிந்தன. சாயக்காரர் அவற்றைத் தானாகவே எண்ணினார். ஹையடீஸின் வயது அறுபது கோடி ஆண்டுகளுக்கு மேல். ஒரு காலத்தில் அங்கேயும் நீல மீன்கள் இருந்திருக்கும். அவை எரிபொருள் தீர்ந்து போய்விட்டன. அவற்றுக்கு அடுத்த எடையில் இருந்தவை இப்போது ஊதிப் பெருத்து, மேற்பரப்பு குளிர்ந்து, ஆரஞ்சாக நிற்கின்றன. கொத்தில் எந்த நிறம் காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தால் அதன் வயது தெரிந்துவிடும். டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங் 1911-இல் இந்த இரு கொத்துகளின் மீன்களையும் நிறம் ஒரு பக்கம், பிரகாசம் ஒரு பக்கம் வைத்து வரைபடம் போட்டார். இன்றைக்கும் கொத்து ஆராய்ச்சி அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பூசம் என்று நாம் சொல்லும் இடத்திலும் ஒரு கொத்து இருக்கிறது; கிட்டத்தட்ட 600 ஒளியாண்டு தொலைவில். ஹையடீஸும் அதுவும் வயதிலும், செல்லும் திசையிலும், இரும்பின் அளவிலும் நெருங்கிய ஒற்றுமை உள்ளவை. இரண்டுமே சூரியனைவிட இரும்புச் செறிவு சற்று அதிகமானவை. பூசத்துக்கும் ரோகிணிக்குப் பின்னால் நிற்கும் கொத்துக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இடையில் தூசு என்று ஒன்று இருக்கிறது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மீன்களுக்கு நடுவே பரவிக்கிடக்கும் தூசு நீல ஒளியைச் சிதறடித்து, மீனைச் சிவப்பாக்கிக் காட்டும். 1930-இல் டிரம்ப்ளர் இதை உறுதிப்படுத்தியதும் விண்மீன் கொத்துகளை வைத்துத்தான். கார்த்திகையின் படங்களில் நீலமாகப் படர்ந்திருக்கும் ஒளியும் தூசு திருப்பி அனுப்பும் வெளிச்சமே. நிறத்தை அளப்பவர் முதலில் தூசின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீனின் சொந்த நிறத்துக்கு வருவார்.

மறுநாள் சனிக்கிழமை. வாலாஜா, வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். காஞ்சிபுரத்திலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. ஏற்றம் தொடங்கியதும் காற்று மாறியது. புளியும் பலாவும் நிற்கும் ஓரங்கள், சாமை அறுத்த காடுகள், அங்கங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் காவலூர். மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் முதலில் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைனு பாப்பு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்திவந்தவர், இரவு வானத்துக்கு என்று தனியாக ஓர் இடம் வேண்டும் எனத் தேடி 1960-களில் இங்கே வந்தார். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது. 1972-இல் 102 சென்டிமீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரும் அந்த நிகழ்வைப் பதிவுசெய்தது. ஆனால் பாப்புவின் கனவு, இந்தியர்களே வடிவமைத்துச் செய்யும் பெரிய தொலைநோக்கி. 2.34 மீட்டர் கண்ணாடியை பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அது முடிவதற்கு முன்பே, 1982 ஆகஸ்டில், மியூனிக்கில் அவர் காலமானார். வயது 55. 1986 ஜனவரி 6-ஆம் நாள் ராஜீவ் காந்தி தொலைநோக்கியைத் திறந்துவைத்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

குவிமாடத்துக்குள் நுழைந்தால் சட்டென்று குளிர். பகலில் வெப்பம் புகாதபடி காக்கிறார்கள். குதிரை லாட வடிவத் தாங்கியில் அந்தத் தொலைநோக்கி நிற்கிறது. அண்ணாந்து பார்க்கப் பார்க்க அதன் அளவு மனதில் ஏற நேரமாகிறது. ஊழியர் ஒருவர், பொறுமையாக, தெற்கு நோக்கி அது எவ்வளவு சாயும் என்று கையால் காட்டினார். "தெற்கு நமக்குப் பெரிய சொத்து சார்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் நான் தேடிவந்ததும் தெற்கில்தான் இருந்தது.

ஒமேகா சென்டாரி. பால்வழியிலேயே மிகப் பெரிய உருண்டைக் கொத்து. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறக்குறைய ஒரு கோடி மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கியிருக்கின்றன. வயது சுமார் 1,200 கோடி ஆண்டு. வெறும் கண்ணுக்கு ஒற்றை மீனாகத் தெரிவதால் தாலமி தன் பட்டியலில் அதை மீன் என்றே சேர்த்தார். 1603-இல் பாயர் அதற்கு எழுத்துப் பெயர் கொடுத்ததும் மீன் என்று நினைத்துத்தான். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன ஹாலிதான் அது மங்கலான ஒளித்திட்டு என்று குறித்துவைத்தார். காவலூரின் அட்சரேகையில் அது தென்வானில் 30 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் இந்தியாவின் மற்றொரு பெரிய தொலைநோக்கிக்கு அதே கொத்து 10 டிகிரியைக்கூடத் தொடாது. மலை உயரத்தில் ஹன்லே எங்கோ இருக்கிறது. ஆனால் தெற்குக்கு இந்த ஜவ்வாது மலைதான்.

கார்த்திகைக்குச் சொன்ன விதி இங்கே உடைகிறது. ஒரு கொத்தின் மீன்கள் எல்லாம் ஒரே உள்ளீடு என்றால், அவற்றை நிறம், பிரகாசம் வரைபடத்தில் போடும்போது ஒரு மெல்லிய கோடு கிடைக்க வேண்டும். ஒமேகா சென்டாரியின் செம்பெருமீன்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு 1960-களிலும் 70-களிலும் கிடைத்தது அகலமான பட்டை. 1975-இல் ஃப்ரீமனும் ராட்ஜர்ஸும் நிறமாலை எடுத்து, அந்தக் கொத்தின் மீன்களில் உலோக அளவே ஒன்றுக்கொன்று வேறு என்று காட்டினார்கள். சிலவற்றில் சூரியனில் இருக்கும் இரும்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கொத்து ஒரே மூச்சில் பிறக்கவில்லை. முதல் தலைமுறை மீன்கள் வெடித்தும் உதிர்த்தும் கொடுத்த பொருளிலிருந்து அடுத்த தலைமுறை பிறந்திருக்கிறது.

இதுவரைகூட ஏற்றுக்கொள்ளலாம். பெரிய புதிர் ஹப்பிள் தொலைநோக்கியால் வந்தது. செம்பெருமீன்களாக ஆகாத, இன்னும் நிதானமாக ஹைட்ரஜன் எரித்துக்கொண்டிருக்கும் சாதாரண மீன்களின் வரிசையே இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒன்று சிவப்பு ஓரம், ஒன்று நீல ஓரம். 2004-இல் பெடினும் அவருடைய குழுவினரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பொதுவாக இரும்பு முதலிய உலோகங்கள் கூடினால் மீன் சிவப்பாகும். அவை மீனின் நீல ஒளியை விழுங்குகின்றன, உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்து மேற்பரப்பைக் குளிர்விக்கின்றன. எனவே நீல வரிசையில் இரும்பு குறைவாக இருக்க வேண்டும். 2005-இல் பியோட்டோவின் குழு சிலி நாட்டிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தது. நீல மீன்களில்தான் இரும்பு அதிகம்.

தலைகீழான இந்த விடையைச் சரிசெய்ய ஒரே வழிதான் தெரிந்தது. அந்த நீல மீன்களில் ஹீலியம் மிக அதிகமாக இருக்க வேண்டும். சாதாரண மீனில் எடைக்கணக்கில் ஹீலியம் நான்கில் ஒரு பங்கு. இவற்றில் அது 40 சதவீதத்தை நெருங்க வேண்டும். ஹீலியம் கூடினால் மீனின் உள்ளே அழுத்தச் சமநிலை மாறி, அது இன்னும் சூடாக, இன்னும் நீலமாக எரியும். கணக்கு பொருந்தியது. ஆனால் கணக்கு பொருந்துவதும் கண்ணால் காண்பதும் ஒன்றாகாது.

ஹீலியத்தைக் காண்பதுதான் சிரமம். அதன் முதல் தடயம் கிடைத்ததே நம் பக்கத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரான்ஸின் ஜான்சன் குண்டூரில் நின்றார். மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு கிடைத்தது. பின்னர் லாக்யர் அதை எந்தப் பூமித் தனிமத்துக்கும் சேராத கோடு என்று சொன்னார். 1895-இல்தான் ராம்சே ஹீலியத்தைப் பூமியில் பிடித்தார். அந்த மதராஸ் வானாய்வகத்தின் வழித்தோன்றல்தான் காவலூரை நடத்தும் நிறுவனம். ஒரு கோடு எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்பதிலிருந்து அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும் வழியைத் திறந்ததும் ஓர் இந்தியர்: 1920-இல் மேகநாத சாஹா. அவருடைய சமன்பாட்டைக் கொண்டு 1925-இல் சிசிலியா பெய்ன் விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று நிறுவினார். ஆனால் அதே சமன்பாடு இன்னொன்றையும் சொல்கிறது. ஹீலியம் கோடு போட அதிகச் சூடு வேண்டும். 4,000, 5,000 கெல்வினில் இருக்கும் செம்பெருமீனில் ஹீலியம் எவ்வளவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வாயே திறக்காது.

காவலூரிலிருந்து இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட வானியலாளர்கள் பி. பி. ஹேமாவும் கஜேந்திர பாண்டேயும் வேறு வழியில் வந்தார்கள். ஹீலியம் கூடினால் ஹைட்ரஜன் குறைந்தாக வேண்டும். ஹைட்ரஜன் குறைந்தால் ஹைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறுகளும் குறையும். செம்பெருமீனின் குளிர்ந்த மேற்பரப்பில் மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்து மெக்னீசியம் ஹைட்ரைடு உருவாகிறது. நிறமாலையின் பச்சைப் பகுதியில், 521 நானோமீட்டரில் தொடங்கி நீலப் பக்கமாக அது ஒரு பட்டை விழுத்துகிறது. அதற்கு அருகிலேயே, 517, 518 நானோமீட்டரில், தனி மெக்னீசியத்தின் மூன்று கோடுகள். மெக்னீசியம் கோடுகள் ஒழுங்காக இருந்து, ஹைட்ரைடு பட்டை மட்டும் மெலிந்தால் குறைந்தது ஹைட்ரஜன்தான். இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான சோதனையை நான் அபூர்வமாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே பச்சைக்குள் இரண்டு அடையாளங்கள், ஒன்றுக்கொன்று சாட்சி.

ஒமேகா சென்டாரியின் செம்பெருமீன்களை ஒவ்வொன்றாக இந்தக் காவலூர்த் தொலைநோக்கியில் நிறுத்தி நிறமாலை எடுத்தார்கள். பெரும்பாலானவை எதிர்பார்த்தபடியே இருந்தன. நான்கு மீன்களில் மட்டும் பட்டை மெலிந்தோ இல்லாமலோ இருந்தது. அந்த முடிவு 2014-இல் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் லெட்டர்ஸில் வந்தது. ஹைட்ரஜன் குறைந்த, எனவே ஹீலியம் மிகுந்த தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடிய மீன்கள். எட்டு மீட்டர், பத்து மீட்டர் கண்ணாடிகள் இருக்கும் காலத்தில், 1986-இல் திறந்த இரண்டேகால் மீட்டர்க் கண்ணாடி இதைச் செய்தது. எந்த மீனை, எந்த நிறத்தில், என்ன கேள்வியோடு பார்ப்பது என்று தெரிந்தால் சின்னக் கருவிக்கும் வேலை இருக்கிறது. குவிமாடத்தின் குளிரில் நின்று அந்த வெள்ளை இரும்பைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விருப்பமில்லை.

இருட்டியதும் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிமுன் வரிசை. வாணியம்பாடியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். நிலாவின் குழிகளைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் கீழே இறங்கிவிட்டார்கள். நாங்கள் ஊருக்கு வெளியே, விளக்கில்லாத ஒரு வளைவில் வண்டியை ஓரம்கட்டிக் காத்திருந்தோம்.

நள்ளிரவை ஒட்டி நிலா மறைந்தது. தெற்கே இருட்டு ஆழமாயிற்று. சித்திரை மீனிலிருந்து நேர்த் தெற்காகக் கண்ணை இறக்கினேன். ஒரு மங்கல் புள்ளி. ஓரக்கண்ணால் பார்த்தால் கூர்மையாகாத புள்ளி. இருநோக்கியில் அது உருண்டையாக விரிந்தது. வானில் அதன் பரப்பு முழுநிலாவின் அளவு. நிறம் எதுவும் தெரியவில்லை, சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். கண்ணின் நிற உணர்வுக்கு அவ்வளவு மங்கலான ஒளி போதாது. அதற்காகத்தான் பெரிய கண்ணாடியும் நீண்ட நேரப் பதிவும் வேண்டியிருக்கிறது. 2009-இல் ஹப்பிள் எடுத்த படத்தில் அதே கொத்தின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் மீன்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நீலம் என்று தனித்தனியாகத் தெரிகின்றன. அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சாம்பலைப் பார்ப்பது தனி அனுபவம்.

இந்தக் கொத்து எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்று பலரும் ஒப்பும் பதில்: பால்வழி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதி இது. பல தலைமுறை மீன்கள் பிறக்க அவ்வளவு பெரிய ஈர்ப்பு தேவைப்பட்டிருக்கும். 2024-இல், அதன் நடுவில் மிக வேகமாக ஓடும் ஏழு மீன்களைக் கண்டுபிடித்து, அங்கே குறைந்தது 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளை இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். நிறத்தில் தொடங்கிய விசாரணை ஒரு மண்டலத்தின் அழிவு வரை போயிருக்கிறது.

நிறம் மாறியிருந்தால் உள்ளீடுதான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிடவும் முடியாது. 1953-இல் ஆலன் சாண்டேஜ் எம்-3 என்ற உருண்டைக் கொத்தில் வயதுக்குப் பொருந்தாத நீல மீன்களைக் கண்டார். அவை அருகிலிருக்கும் இணையிலிருந்து பொருளை உறிஞ்சியோ, இரண்டு மீன் ஒன்றாகியோ மறுபடி இளமை பெற்றவை. 2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில், புற ஊதா ஒளியில் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று செய்தது. அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடைய குழுவினரும் அதைக் கொண்டு, என்ஜிசி 188 என்னும் பழைய கொத்தில் இருக்கும் அத்தகைய நீல மீன் ஒன்றின் பக்கத்தில் சூடான இணை ஒன்று இருப்பதை 2016-இல் பிடித்துக்காட்டினார்கள். பொருளைக் கொடுத்துவிட்டு ஓடாக நிற்கும் இணை.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி இதையெல்லாம் சொன்னதும் சாயக்காரர் முதலில் கேட்டது, "அந்தப் பச்சைக் கோட்டை நீங்க பார்த்தீங்களா?" என்றுதான். அச்சிட்ட நிறமாலைப் படத்தை விரித்துக் காட்டினேன். மெலிந்த பட்டை உள்ள மீனையும், பட்டை ஒழுங்காக உள்ள மீனையும் அவரே விரல் வைத்துப் பிரித்தார். வானியல் படித்தவர் எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

காஞ்சிபுரத்து மாணவர்களை, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை, ஒரு சனிக்கிழமையாவது காவலூருக்கு அழைத்துப் போங்கள். போகும் முன் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலை ஏற முடியாதவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களின் அமாவாசையை ஒட்டிய இரவில், பாலாற்றுப் பாலம் தாண்டி உத்திரமேரூர்ச் சாலையில் விளக்கில்லாத ஓரிடத்தில் நில்லுங்கள். வைகாசி தொடங்கும்போது இரவு பத்து மணி, வைகாசி நடுவில் ஒன்பது மணி. சித்திரை மீன் தெற்கே உச்சியில் நிற்கும். அதற்கு நேர் கீழே, அடிவானத்துக்கு மேல் முப்பது டிகிரியில், ஒமேகா சென்டாரி இருக்கும். கை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்து டிகிரி. அப்படி மூன்று முஷ்டி எண்ணிக்கொள்ளுங்கள். சாதாரண இருநோக்கி ஒன்று போதும்.